கையிலிருந்து கட்டிய ஆஸ்பத்திரி பில்: வாசகர் கேள்வி – பதில்

இன்ஷூரன்ஸ் அட்டை பையில் இருந்தும், சேர்ந்த ஆஸ்பத்திரி கம்பெனியின் நெட்வொர்க்கில் இல்லாததால் முழுப் பணத்தையும் கட்டிவிட்டுத் திரும்ப வாங்க அலைபவர்களின் கடிதங்களே இம்முறை அதிகம். அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில்.

நள்ளிரவில் மாமியாருக்கு நெஞ்சுவலி. பக்கத்துத் தெருவில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். எங்கள் பாலிசியின் நெட்வொர்க்கில் அந்த ஆஸ்பத்திரி இல்லையாம். நாளை மறுநாள் டிஸ்சார்ஜ். பில்லை நாங்களே கட்டிவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, திண்டுக்கல்

கிடைக்கும். நெட்வொர்க் என்பது கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையிலான கட்டண ஒப்பந்தம்தான். அது இல்லாததால் உங்கள் பாலிசி செல்லாமல் போவதில்லை. நெட்வொர்க் ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் டெஸ்கில் இருப்பவர் செய்கிற வேலை முழுவதும் இப்போது உங்கள் தலையில் விழுகிறது, அவ்வளவுதான். அந்த வேலையில் முக்கால் பங்கை டிஸ்சார்ஜுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு ஒரு கையெழுத்துக்காக நான்கு முறை நடக்க வேண்டியிருக்கும்.

முதலில், இதைப் படித்த கையோடு கம்பெனியின் இலவச எண்ணுக்கு போன் செய்யுங்கள். அட்டையின் பின்பக்கம் இருக்கும். பாலிசி எண், நோயாளி பெயர், ஆஸ்பத்திரி பெயர், சேர்த்த தேதி, என்ன பிரச்சினை என்று சொல்லி, அவர்கள் தரும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவசர அட்மிஷன் என்றால் 24 மணி நேரத்துக்குள், திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் 48 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்பது பெரும்பாலான பாலிசிகளின் விதி. கெடு தாண்டிவிட்டதே என்று பயந்து சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். தாமதம் ஒன்றையே காரணம் காட்டி நியாயமான கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஏன் தாமதம் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

அடுத்து கிளெய்ம் படிவம். கம்பெனியின் இணையதளத்தில் கிடைக்கும். அதில் பகுதி ‘ஏ’ நீங்கள் நிரப்புவது. பகுதி ‘பி’ ஆஸ்பத்திரி நிரப்பிக் கையெழுத்தும் சீலும் வைத்துத் தர வேண்டியது. நெட்வொர்க்கில் இல்லாத சிறிய ஆஸ்பத்திரிகளில் இந்த ‘பி’ பகுதியைப் பார்த்தே இராதவர்கள் உண்டு. ஆகவே நீங்களே பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரியின் பதிவு எண், படுக்கைகளின் எண்ணிக்கை, பான் எண் ஆகிய கட்டங்களைத்தான் வெற்றாக விட்டுவிடுவார்கள். அந்த இடத்திலேயே நின்று நிரப்பச் சொல்லுங்கள். நெட்வொர்க்கில் இல்லாத இடம் என்பதால், கம்பெனி முதலில் பார்ப்பது “இது ஆஸ்பத்திரிதானா?” என்பதைத்தான். முறையாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால், 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, மற்ற ஊர்களில் 15 படுக்கை, 24 மணி நேரமும் டாக்டர், நர்ஸ், ஆபரேஷன் தியேட்டர் என்று பாலிசியில் வரையறை இருக்கும். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பெற்ற பதிவுச் சான்றிதழின் நகல் ஒன்றைச் சீல் வைத்து வாங்கிவிட்டால் இந்தக் கேள்வி எழாது.

பில்லில் “மருந்து – 41,000” என்று ஒற்றை வரியில் போட்டிருந்தால் வாங்காதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் பெயர், எண்ணிக்கை, விலை வேண்டும். கடைசியாகப் பணம் கட்டியதற்கு வரிசை எண் போட்ட ரசீது தனியாக வேண்டும். பில் வேறு, ரசீது வேறு. பில்லின் மூலையில் ‘பெய்டு’ என்று சீல் குத்திக் கொடுத்ததோடு பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். முன்பணம் கட்டிய ரசீதுகளையும் சேர்த்துக் கூட்டினால் பில் தொகை வர வேண்டும். பணத்தை கார்டு, யு.பி.ஐ., வங்கி வழியாகக் கட்டுங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டமே தடை போட்டிருக்கிறது.

ஸ்டென்ட்டுக்குத் தனி கவனம். அதன் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரை (பிராண்ட், பேட்ச் எண் அச்சாகியிருக்கும்) கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பார்கள். அதில் ஒன்றும், ஸ்டென்ட் வாங்கிய இன்வாய்ஸின் நகலும் கேளுங்கள். ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில் உச்சவிலை நிர்ணயித்தபோதே, பில்லில் அதன் விலையைத் தனியாகக் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. ஆஞ்சியோகிராம் சி.டி., ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் வேண்டும். ரிப்போர்ட் இல்லாத பரிசோதனை பில்லுக்கும், டாக்டர் சீட்டு இல்லாத மருந்து பில்லுக்கும் பணம் வராது. வெளி மருந்துக்கடையில் வாங்கியிருந்தால் அந்தச் சீட்டைத் தேடி எடுத்துவையுங்கள்.

பெயர் விஷயத்தையும் பாருங்கள். அட்மிஷன் அவசரத்தில் ‘லட்சுமி’ என்று எழுதியிருப்பார்கள், பாலிசியில் ‘விஜயலட்சுமி’ என்று இருக்கும். எல்லாத் தாளிலும் பெயரும் வயதும் பாலிசியில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு தடவை உட்கார்ந்து ஒப்பிடுங்கள்.

இவற்றோடு பாலிசி நகல், ஆதார், பான், பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை ஒன்று. எல்லாவற்றையும் நகல் எடுத்து, பக்க எண் போட்டு, முகப்பில் பட்டியல் எழுதி, அசலை அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் அந்தப் பட்டியலின் நகலிலேயே பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் ஆனதிலிருந்து 30 நாள் என்பது பொதுவான கெடு. சில பாலிசிகளில் இன்னும் குறைவு.

நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் உண்டு என்கிறார்களே?
– வாசகர், ஓசூர்

கேஷ்லெஸ், அதாவது பில்லைக் கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டும் வசதி, அங்கேயும் உண்டு. பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் கவுன்சில் 2024 ஜனவரியில் ‘கேஷ்லெஸ் எவ்ரிவேர்’ என்ற ஏற்பாட்டை அறிவித்தது. திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியும் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். பணம் பிறகு வரும் என்பதை ஏற்க மறுக்கும் ஆஸ்பத்திரியைக் கட்டாயப்படுத்த வழியில்லை. ஆகவே கேட்டுப் பாருங்கள், அதையே நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. நெட்வொர்க்கில் *இல்லாத* ஆஸ்பத்திரி வேறு, கம்பெனி *விலக்கிவைத்த* ஆஸ்பத்திரி வேறு. மோசடி போன்ற காரணங்களால் விலக்கியவற்றின் பட்டியலைக் கம்பெனி தன் இணையதளத்தில் போட்டிருக்கும். அதில் உள்ள இடத்தில் சிகிச்சை பெற்றால் கிளெய்ம் கிடையாது. விபத்தோ உயிருக்கு ஆபத்தோ என்றால் மட்டும் நிலைமை சீராகும் வரையிலான செலவைத் தருவார்கள். திட்டமிட்டு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் நெட்வொர்க் பட்டியலோடு இந்தப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலானோர் பார்ப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

பித்தப்பைக் கல் ஆபரேஷன். 3 லட்சம் ரூபாய் பாலிசி. மொத்த பில் 1,38,000 ரூபாய். வந்தது 78,600. “அறை வாடகை வரம்பு மீறல்” என்று ஒரு வரிதான் காரணம். வாடகையில் மீறியது நாளுக்கு 2,000 ரூபாய்தானே, எப்படி இவ்வளவு குறைந்தது?
– வாசகர், விருதுநகர்

நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்த்தோம். உங்கள் பாலிசியில் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். நீங்கள் இருந்தது 5,000 ரூபாய் அறை, 4 நாள். அறை பெரிதானால் டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாம் கூடும் என்ற கணக்கில், அவற்றையும் 3,000/5,000 என்ற விகிதத்தில், அதாவது 60 சதவீதமாகக் குறைக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு. பாலிசி எடுக்கும்போது முகவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

ஆனால் எதை எல்லாம் குறைக்கலாம் என்பதற்கு எல்லை இருக்கிறது. 2020-இல் வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிப்படி மருந்து, நுகர்பொருள், உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த விகிதக் குறைப்பு கூடாது. ஐ.சி.யு. கட்டணத்திலும் கூடாது. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அறை வாடகை 20,000. கிடைக்க வேண்டியது 12,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் சேர்த்து 80,000. 60 சதவீதம் என்றால் 48,000. மருந்து 22,000, பரிசோதனை 9,000 – இவை முழுதாக வர வேண்டும். ஆக 91,000. கம்பெனி மருந்தையும் பரிசோதனையையும் சேர்த்து 60 சதவீதமாக வெட்டியிருக்கிறது. 12,400 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டியது. இந்தக் கணக்கை அப்படியே எழுதி மறுபரிசீலனை கேளுங்கள்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. எந்த அறையில் இருந்தாலும் ஆபரேஷனுக்கு ஒரே கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு. சிறிய ஊர்களில், குறிப்பாக நெட்வொர்க்கில் இல்லாத இடங்களில் இது சாதாரணம். அப்படிப்பட்ட ஆஸ்பத்திரி பில்லில் விகிதக் குறைப்பே செய்யக் கூடாது. “எங்கள் ஆஸ்பத்திரியில் அறை வகையைப் பொறுத்து சர்ஜன் கட்டணமோ தியேட்டர் கட்டணமோ மாறாது” என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் கட்டணப் பட்டியலும் வாங்க முடிந்தால், வெட்டப்பட்ட 32,000-ஐயும் கேட்கலாம்.

பில்லில் மீதியுள்ள 7,000 ரூபாயில் 2,150 கையுறை, முகக்கவசம், ஈ.சி.ஜி. எலக்ட்ரோடு வகையறா. தரப்படாத பொருட்கள் என்று 68 பொருட்களின் பட்டியல் இருக்கிறது. இவை அதில் இருப்பதால் தனி ரைடர் (பாலிசியோடு கூடுதலாக வாங்கும் பலன்) இல்லாமல் வராது. ஆனால் உங்கள் பில்லில் “சர்ஜிக்கல் கிட் – 4,850” என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள். விவரம் எழுதாத எந்த ‘கிட்’டும் அதே பட்டியலில்தான் வருகிறது. அந்தக் கிட்டுக்குள் தையல் நூலும் கிளிப்பும் இருந்திருக்கலாம். அவற்றைத் தனித்தனியாக எழுதியிருந்தால், பட்டியலில் இல்லாதவற்றுக்கான பணமாவது வந்திருக்கும். ஆஸ்பத்திரியில் அந்த ஒரு வரியைப் பிரித்து எழுதி வாங்கி அனுப்புங்கள்.

டெங்கு காய்ச்சலுக்கு மகனை 3 நாள் அட்மிட் செய்தோம். “வெளிநோயாளியாகவே சிகிச்சை தந்திருக்கலாம்” என்று நிராகரித்துவிட்டார்கள். சேரச் சொன்னது டாக்டர். நாங்கள் என்ன செய்திருக்க முடியும்?
– வாசகி, கடலூர்

உங்கள் கோபம் நியாயமானது. அட்மிஷன் வெறும் பரிசோதனைக்காக என்றால் பணம் இல்லை என்று பாலிசியில் ஒரு விதி இருக்கிறது. அதைக் காய்ச்சல் கேஸ்களில் தாராளமாக எடுத்து வீசுகிறார்கள். நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் சந்தேகம் கூடுதல்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் “காய்ச்சலுடன் வந்தார், சிகிச்சை தரப்பட்டது, நலமுடன் அனுப்பப்பட்டார்” என்று மூன்று வரி இருந்தால் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் கிடைக்காது. பதில் இருப்பது உள்நோயாளி கேஸ் ஷீட்டில். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதிய காய்ச்சல் அளவு, ரத்த அழுத்தம், எவ்வளவு டிரிப்ஸ் ஏறியது, ஊசியாகப் போட்ட மருந்துகள், நாளுக்கு நாள் பிளேட்லெட் எண்ணிக்கை – இவை எல்லாம் அதில் இருக்கும். ஆஸ்பத்திரியில் எழுத்துமூலம் கேட்டு, முழு கேஸ் ஷீட்டின் சீல் வைத்த நகலை வாங்குங்கள். கூடவே டாக்டரிடம் ஒரு கடிதம்: சேர்க்கும்போது பிளேட்லெட் எத்தனை, வாந்தியால் வாய்வழி மருந்து உள்ளே போகவில்லையா, வயிற்றுவலி இருந்ததா, வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆபத்து. “அட்மிஷன் அவசியம்” என்ற பொதுவான வாக்கியத்தால் பயனில்லை. எண்கள் வேண்டும். இவற்றோடு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள்.

அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் “10 வருடமாகச் சர்க்கரை நோய்” என்று எழுதிவிட்டார்கள். உண்மையில் ஓராண்டாகத்தான். பாலிசி எடுத்து இரண்டரை வருடம். இப்போது “மறைத்துவிட்டீர்கள்” என்கிறது கம்பெனி.
– வாசகர், தஞ்சாவூர்

இரவுப் பணியில் இருக்கும் இளம் டாக்டர் கேட்கிறார், பதற்றத்தில் இருக்கும் உறவினர் “ரொம்ப வருஷமா சுகர்” என்கிறார், அது ‘10’ ஆகிறது. தட்டச்சுப் பிழையும் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் கம்பெனிக்காரர் தேடிப் படிக்கும் முதல் வரி இதுதான். ஆகவே எல்லோருக்கும் சொல்கிறோம்: இறுதிப் பிரதி அச்சிடுவதற்கு முன் வரைவை வாங்கி, நோய் வரலாறு எழுதிய வரியை நீங்கள் படியுங்கள்.

உங்கள் நிலையில், சம்மரியில் பேனாவால் திருத்தச் சொல்லாதீர்கள். அது சந்தேகத்தை வளர்க்கும். சிகிச்சை தந்த டாக்டரே, தகவல் யாரிடமிருந்து பெறப்பட்டது, எப்படித் தவறு நேர்ந்தது என்று லெட்டர்ஹெட்டில் தேதியிட்டு விளக்கம் தர வேண்டும். அதைவிட வலுவானது பழைய தாள். சர்க்கரை முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட ரத்தப் பரிசோதனை, முதல் மருந்துச் சீட்டு, பாலிசிக்கு முன்பு எங்காவது ரத்தம் பார்த்துச் சரியாக இருந்த ரிப்போர்ட் ஆகியவற்றைத் தேடுங்கள். முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்பு (பாலிசி எடுத்த பின் அந்த நோய்க்குப் பணம் தராத காலம்) இப்போது அதிகபட்சம் 36 மாதம் என்பதால், இரண்டரை வருடத்தில் இந்த ஆதாரம்தான் வழக்கைத் தீர்மானிக்கும். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியவர்களிடம், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர, மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது.

ஆபரேஷனுக்கு முன் வேறு இரண்டு டாக்டர்களைப் பார்த்தேன். அந்தக் கட்டணமும் ஸ்கேன் செலவும் கிடைக்குமா? அட்மிட் ஆகாமல் டாக்டரைப் பார்த்ததற்கு?
– வாசகி, மதுரை

அட்மிட் ஆகாத சிகிச்சைக்கு, பாலிசியில் வெளிநோயாளி பலன் என்று தனியாக இருந்தால் மட்டும். ஆனால் அட்மிஷனில் முடிந்த நோய்க்காக முன்பு பார்த்த டாக்டர்கள், எடுத்த ஸ்கேன்கள் கணக்கில் வரும். அந்த டாக்டர் வேறு கிளினிக்காக இருந்தாலும் சரி. பல கம்பெனிகளும் ஒரே விதிகளோடு விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில், ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள். மற்ற பல பாலிசிகளில் இதைவிட அதிகம். சீட்டில் அதே நோயின் பெயர் இருக்க வேண்டும், டாக்டர் கட்டணத்துக்கு ரசீது வேண்டும். கிளினிக்குகளில் கேட்டால்தான் ரசீது எழுதுவார்கள், கேளுங்கள். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுகளை இரண்டாவது கிளெய்மாக, அந்தக் காலம் முடிந்த 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

அலுவலக குரூப் பாலிசி 2 லட்சம், சொந்தப் பாலிசி 5 லட்சம். பில் 3,10,000. அசல் பில் ஒன்றுதானே இருக்கிறது?
– வாசகர், சென்னை

அசலை ஒரு கம்பெனிக்குத்தான் கொடுக்க முடியும். முதலில் குரூப் பாலிசியில் போடுங்கள். அவர்கள் தரும் செட்டில்மென்ட் கடிதத்தையும், அவர்கள் சான்றொப்பமிட்ட நகல்களையும் வைத்து மீதியைச் சொந்தப் பாலிசியில் கேளுங்கள். இரண்டாவது கம்பெனிக்கும் அட்மிஷன் தகவலை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். இதை மறந்தவர்கள்தான் சிக்குகிறார்கள்.

நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சை பெற்றேன். “பட்டியலில் இல்லை” என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள்.
– வாசகர், சேலம்

அந்த ஒரு வரி போதாது. சிகிச்சை உண்மையில் பெறப்பட்டதா, அதற்கு ஆவணம் உண்டா என்பதே கேள்வி, ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் உரிமையை மறுக்க முடியாது என்று 2018 ஏப்ரலில் சிவகாந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவரின் வழக்கு. சென்னை உயர் நீதிமன்றமும் தமிழக அரசு ஊழியர், ஓய்வூதியர் வழக்குகளில் இதே திசையில் பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்கு மனு கொடுங்கள். நோயாளி எந்த நிலையில் கொண்டுவரப்பட்டார், ஏன் வேறு இடத்துக்கு மாற்ற முடியவில்லை என்று டாக்டர் எழுதிய அவசரச் சான்றிதழை மனுவின் முதல் இணைப்பாக வையுங்கள். விபத்து என்றால் ஏ.ஆர். காப்பியும் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) சேர்த்து.

கிளெய்ம் போட்டு மூன்று மாதம். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு தாள் கேட்கிறார்கள். எங்கே முறையிடுவது?
– வாசகி, புதுச்சேரி

“கடைசி ஆவணம் கிடைத்த நாளிலிருந்து” என்றுதான் பாலிசிகளில் கெடு எழுதியிருக்கும். தவணை தவணையாகத் தாள் கேட்டால் கெடு தொடங்குவதே இல்லை. ஆகவே அவர்கள் கேட்டதைக் கொடுக்கும்போது கூடவே எழுதுங்கள்: “இத்துடன் நீங்கள் கேட்ட அனைத்தும் ஒப்படைக்கப்பட்டன. வேறு ஏதும் தேவையெனில் ஒரே பட்டியலாக எழுத்தில் தரவும்.” ஒரு தாள் ஆஸ்பத்திரியில் கிடைக்கவில்லை என்றால், கிடைக்கவில்லை என்பதையே ஆஸ்பத்திரியிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள். போனில் பேசியதை எல்லாம் அன்றே மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைவிட 2 சதவீதம் கூடுதலாக வட்டி கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். கூடவே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ தளத்தில் பதிவு செய்யலாம், தொலைபேசி 155255. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்புட்ஸ்மன். புதுச்சேரி, காரைக்கால், தமிழ்நாடு மூன்றுக்கும் அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் இல்லை, வக்கீலுக்கு அனுமதியும் இல்லை. நீங்களே பேசலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், 30 நாளுக்குள் நிறைவேற்றியாக வேண்டும். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் அதன் பிறகும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் முதலிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் ஆம்புட்ஸ்மன் அதே புகாரை ஏற்க மாட்டார். ஆகவே வரிசையை மாற்றிவிடாதீர்கள்.